அழுகிறவளை அவர் கேலி செய்யமாட்டார்

என் பெயர் டெல்ஃபின் நெஸ். வயது 45. காலஞ்சென்ற ஆர்னி நெஸ் என்பவரின் மகள். பள்ளி நூலகராக வேலை செய்கிறேன். மணமாகவில்லை. வடக்கு டகோட்டா, ஃபோர்ட் பெர்த்தோல்ட் பழங்குடி நிலப்பகுதியில் நியூ டவுன் ஊரில் வசிக்கிறேன். 1991 பிப்ரவரி 13, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையத்தில் நானாக முன்வந்து இதைச் சொல்கிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை முதியோர் இல்லத்திலிருந்து சைரஸ் லாங் வில்லோ என்ற 84 வயதுப் பெரியவரை நான்தான் என் காரில் அழைத்துச் சென்றேன். வெளியே செல்பவர்களின் புத்தகத்தில் 'உறவு' என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினேன். அது பொய். நான் அவருக்கு மகள் இல்லை.

காரணம் என் தங்கை லோரெட்டாவின் மகள் டாரா, வயது நான்கு. தங்கை போன நவம்பரில் பனிச்சாலையில் கார் கவிழ்ந்து இறந்தாள். குழந்தையின் தகப்பன் வெள்ளைக்காரர், எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அதன் பிறகு மாநிலக் குழந்தை நல அலுவலர்கள் டாராவை என் தாயார் வீட்டிலிருந்து கொண்டுபோய் வெளியூரில் ஒரு தம்பதியிடம் விட்டார்கள். அந்தத் தம்பதிக்கே அவளைத் தத்துக் கொடுப்பது பற்றி இந்த வெள்ளிக்கிழமை வெளியூர் நீதிமன்றத்தில் விசாரணை. எங்கள் பழங்குடிப் பதிவேட்டில் சேரத் தகுதியுள்ள குழந்தை என்றால் சொந்தக்காரர்களைக் கேட்காமல் கொடுக்க முடியாது. தகுதிக்கு நான்கில் ஒரு பங்கு எங்கள் இரத்தம் வேண்டும். காகிதத்தில் டாராவுக்கு இருப்பது எட்டில் ஒரு பங்கு.

அந்தக் கணக்கு தவறு. என் தாயார் அடிலைன் 1921இல் பிறந்தவர். அவரைப் பெற்றவர் ஹிடாட்சா இனத்தில் கத்திக் குலத்துப் பெண். தகப்பன் லோன் புல் மண்டான் இனம், புல்வெளிக்கோழிக் குலம். இரண்டும் இந்த நிலப்பகுதியின் பழங்குடி இனங்கள். அம்மா பிறந்த வருடமே இருவரும் நெஞ்சு நோயில் போய்விட்டார்கள். அதன் பிறகு பெற்றவளின் அக்கா சூசன் எடுத்து வளர்த்தார். சூசனின் கணவர் கார்மொடி என்ற வெள்ளைக்கார மாட்டுப் பண்ணைக்காரர். ஆள் கணக்கெடுக்க வந்த அரசு அதிகாரி தொட்டிலைக் காட்டி, யார் பிள்ளை என்று கேட்டதற்கு, சூசன், "எம் புள்ளதான்" என்றார். தங்கை பிள்ளையை வேறு எப்படிச் சொல்வார்? அதிகாரி, தகப்பன் கார்மொடி, பாதி இரத்தம் என்று எழுதிக்கொண்டு போனார். முழு இரத்தமாக இருந்த அம்மா அன்று பாதியானார். லோரெட்டாவும் நானும் கால், டாரா அரைக்கால் ஆனோம்.

மிஷன் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தைத் தேடினேன். அணைத் தண்ணீர் ஊரை மூழ்கடிப்பதற்கு முன் எங்கள் பழைய ஊரான எல்போவுட்ஸிலிருந்து மேட்டுக்குக் குடிபெயர்ந்தபோது அது தொலைந்துவிட்டது. லோன் புல்லின் உடன்பிறந்தவர்கள் யாரும் உயிருடன் இல்லை. அம்மாவின் சொல் போதாது, அவரைவிட மூத்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். மூத்தவர் என்று மீதியிருப்பவர் சைரஸ் ஒருவர்தான்.

அவர் தகப்பனாரும் புல்வெளிக்கோழிக் குலம். தகப்பன்மார் ஒரே குலம் என்றால் பிள்ளைகள் கேலி முறைக்காரர்கள். ஒருவர் தப்புச் செய்தால் மற்றவர் நாலு பேர் நடுவில் சொல்லிக் காட்டலாம். கேட்பவர் கோபப்படக் கூடாது. முறையில்லாதவர் அப்படிப் பேசினால் அடிதடியாகிவிடும். இது தங்களுக்குத் தெரியும், வெளியூர் நீதிபதி படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். வெள்ளைக்காரத் தகப்பனுக்குக் குலம் கிடையாது. என் தகப்பனார் நார்வே வழி விவசாயி, என்னைக் கேலி செய்ய இந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சைரஸ் என் தாயாரை விருந்துகளில், சாவு வீட்டில், தபால் நிலைய வரிசையில் கேலி செய்துவந்தார். யாரும் தடுத்ததில்லை. அம்மாவின் தகப்பன் யார் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி என்னிடம் இல்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் யாரிடமும் பேசவில்லை. பேச்சே போய்விட்டது என்று நர்ஸ்கள் சொன்னார்கள். நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் அம்மாவுடன் அவர் அறைக்குள் போனேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"அடியே அடிலைன், வெள்ளம் வருதுன்னு கதவ மட்டும் கழட்டித் தூக்கிட்டு வந்தவதானே நீ? வீட்ட எங்கடி விட்டே?" என்றார்.

"உன் மூஞ்சில சாத்தத்தான்யா தூக்கிட்டு வந்தேன்" என்றார் அம்மா.

மருந்துத் தட்டுடன் நின்ற நர்ஸ் வெளியூர்ப் பெண். பெரியவர் திட்டுகிறார் என்று பயந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு நான் புத்தகத்தில் எழுதிவிட்டு அவரைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றினேன். வழியெல்லாம் அவர் அம்மாவின் சமையலையும் நடையையும் என் தகப்பனாரின் காதுகளையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். லோரெட்டா போன பிறகு அம்மா சிரித்து நான் நேற்றுத்தான் பார்த்தேன்.

பதிவு அலுவலகத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது சைரஸ், "வூட்டுக் கதவ ஊரே பாக்கத் தூக்கிட்டு வந்த. பேத்திய மட்டும் ஒரு கையெழுத்தப் போட்டுத் தூக்கிக் குடுத்திட்டியேடி. கதவு அவ்ளோ ஒசத்தியா?" என்றார்.

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்றுதான் அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். இல்லத்துக்கு வந்துபோகிறவர்கள் பேசியதை அவர் படுத்தபடியே கேட்டிருக்க வேண்டும். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அம்மா, "அவ மொகத்துல லோரெட்டா இருந்தாடி. காலையில கண்ணு முழிச்சா அந்த மொகம். என்னால முடியல" என்று சொல்லிவிட்டுச் சத்தமாக அழுதார். நான் அம்மாவைத் தொடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சைரஸ் வாயை மூடிக்கொண்டார். அழுகிறவளை அவர் கேலி செய்யமாட்டார்.

அதன் பிறகு பதிவு அலுவலகத்தில் பதிவு அலுவலர் திருமதி இனெஸ் அவரிடம் மூன்று முறை, "பெரியவரே, அடிலைன் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவர் பேசவில்லை. அம்மா தலையைக் குனிந்து அழுதுகொண்டே இருந்தார். சாட்சி பேசவில்லை என்று எழுதப்பட்டது. திரும்பும்போது பனிக்காற்றில் பாதை தெரியாமல் என் கார் பள்ளத்தில் இறங்கியது. தங்கள் வண்டி வருவதற்கு ஒன்றரை மணி நேரமானது. என் கோட்டையும் அம்மாவின் கோட்டையும் அவர்மேல் போட்டிருந்தோம். இப்போது அவர் ஆஸ்பத்திரியில் நுரையீரல் சளியுடன் இருக்கிறார். இரண்டு நாள் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். இன்றே திருமதி இனெஸையும் என் தாயாரையும் தாங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அவரிடம் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம், அம்மாவைக் கட்டில் அருகே நிறுத்தினால் போதும். அவர் கேலியாக என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், முறைக்கு அதுவே சாட்சி. அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் மறுபடி சொல்லுவார், வேறு எதையும் சொல்லமாட்டார். அது எங்களுக்குக் கெடுதல் என்று தெரியும். தெரிந்தே கேட்கிறேன்.

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். விடிந்ததிலிருந்து முகம் கழுவும் இடத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தார். நான் உள்ளே வரும்போது என் கையைப் பிடித்து, "இந்தத் தடவ அழமாட்டேன். அவன் என்ன சொன்னாலும் சிரிப்பேன். நீ பாரு" என்றார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. புத்தகத்தில் 'மகள்' என்று எழுதியதைத் தவிர இதில் நான் பொய் என்று ஒப்புக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

(ஒப்பம்) டெல்ஃபின் நெஸ்
காலை 10.40