தொட்டிக்குள் போட்ட பாட்டில்

— கதவு மூடுற நேரத்துக்கு ஓடி வர்றே, கேசா. ஒரு பிளாஸ்திரி ஒட்ட அவ்ளோ நேரமா?

— மூச்சு வாங்குது... இரு. முதுகு மூட்டையை இறக்கிக்கறேன்... வீப்கே, உனக்கு என்னடி ஆச்சு?

— எனக்கா? ஒண்ணும் ஆகலையே.

— கொலோன்ல ரெண்டு நாள் தங்கறதா பேச்சு. விடுதிக்குப் பணமும் கட்டியாச்சு. வந்து நாப்பது நிமிஷம்கூட ஆகலை. இந்த ரயில் எங்க போகுதுன்னாவது தெரியுமா?

— கோப்ளென்ஸ்... போர்டுல போட்டிருந்துது.

— அங்க என்ன இருக்கு?

— ரெண்டு ஆறு சேருது.

— பெரிய அதிசயம்! ஆறு சேர்றதைப் பாக்கத்தான் என்னை இழுத்துட்டு வந்தியா?

— கத்தாதே. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். காலி பாட்டிலை ஏண்டி குப்பைத் தொட்டிக்குள்ள போட்டே?

— கை தவறி...

— மூணுமா? ஹாம்பர்க்ல நான் ஒண்ணே ஒண்ணு போட்டதுக்கு என்ன பாடு படுத்தினே! 'வெளியே வை. எடுக்கறவங்க கடையில கொடுத்துக் காசாக்கிக்குவாங்க. அவங்களைக் குப்பைக்குள்ள கைவிட வைக்காதே'ன்னு... நடுத்தெருவுல நிறுத்திப் பாடம் எடுத்தியே.

— ஞாபகம் இருக்கு.

— இன்னிக்கு ஸ்டேஷன்ல ஒருத்தர் ரெண்டடி தள்ளி பையோட காத்துக்கிட்டிருந்தார். நீ அவரைப் பாத்தே. பாத்துட்டு அவசர அவசரமா அடி வரைக்கும் அமுக்கினே. தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டுப் படியேறி ஓடிட்டே.

— விட்டுடேன், கேசா.

— உள்ள ஏதோ தகர டப்பா. கிழிச்சுடுச்சு அவரை.

— ஆழமாவா?

— இப்ப என்ன அக்கறை?

— சொல்லுடி... ரத்தம் நின்னுதா?

— நின்னுது.

— ஏதாவது... பேசினாரா?

— எதுக்குக் கேக்கறே?

— சும்மாதான்.

— சும்மான்னா விடு.

— ... எந்தக் கை, கேசா?

— வலது.

— அந்தப் பச்சைக் கோட்டுல ரத்தம் பட்டுதா?

— கோட்டா? கோட்டைப் பத்தி உனக்கென்ன?

— அது... நான் வாங்கிக் கொடுத்தது. போன கிறிஸ்துமஸுக்கு. பேக்கரியில நின்னு சம்பாதிச்ச காசுல.

— அவருக்கா? யாருடி அவர்?

— எங்கப்பாடி.

— வேலையா வியன்னா போயிருக்கார்னு சொன்னே.

— என்கிட்ட அப்படித்தான் சொன்னார். ரெண்டு வருஷமா கொலோன் மியூசியத்துல காவலாளின்னு... ஞாயித்துக்கிழமை ஆனா போன்ல படங்களைப் பத்தியே பேசுவார். எந்த ஓவியத்துல நாய் எந்த மூலையில படுத்திருக்குன்னுகூடச் சொல்லுவார். நான் கொலோன் வர்றேன்னு சொன்னேன்... உடனே வியன்னாவுல வேலை வந்துடுச்சு.

— ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே வீப்கே.

— கால் முதல்ல அவர்கிட்டதான் போச்சு. அப்புறம் நீ பக்கத்துல நிக்கறது ஞாபகம் வந்துது.

— நானா? நான் என்ன செஞ்சேன்?

— ஓல்டன்பர்க்ல கிளம்பினதுலேர்ந்து உன்கிட்ட எங்கப்பா, எங்கப்பான்னு பெருமை அடிச்சுக்கிட்டே வந்தேனே... 'இதான் எங்கப்பா'ன்னு சொல்ல வாய் வரலை. கை தானா அமுக்கிடுச்சு.

— என் முன்னாலயா வெட்கம்?

— ஆமா... உன் முன்னாலதான். கன்னத்துல ரெண்டு அறையணும்னா அறைஞ்சுடு.

— இந்தா, தண்ணி குடி.

— வேணாம். ஏதாவது சொல்லேன்.

— முதல்ல குடி.

— ஒரு நல்லது, அவர் என்னைப் பாக்கலை. பாட்டில் எடுக்கறவங்க முகத்தைப் பாக்க மாட்டாங்க, கையைத்தான் பாப்பாங்க. மேல் படியிலேர்ந்து ஒரு தடவை திரும்பிப் பாத்தேன், நீ பிளாஸ்திரி எடுத்துக்கிட்டிருந்தே. அப்பவும் தொட்டிக்குள்ள குனிஞ்சேதான் இருந்தார்... பாக்கலை தானே? சொல்லு கேசா.

— ... பிளாஸ்திரி ஒட்டறப்பகூட அவர் தலையைத் தூக்கலை வீப்கே. கையை மட்டும் பின்னால நீட்டினார். 'அந்தப் பொண்ணு மேல ஏறிட்டாளான்னு பாத்துச் சொல்லும்மா, அப்புறம் நான் நிமிர்ந்துக்கறேன்'னார்.