பூச்சட்டையோடு ஒரு படம் இல்லை

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் கலையரசன் அவர்களே, பாலக்கரையிலிருந்து வந்திருக்கும் துணிக்கடை சேக் மைதீன் பாய் அவர்களே, தாயைப் பறிகொடுத்த மகளே ஜாஸ்லின், ஷிப்டு முடிந்த கையோடு திருவெறும்பூர் பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கும் என் சகோதரிகளே! உங்களில் ஒருத்தியான தஸ்லிமாவின் கண்ணீர் வணக்கம்.

நம் பட்டறையின் முதல் பெண் சூப்பர்வைசர், சங்கத்தின் துணைச் செயலாளர், தோழர் அமலராணி இன்று நம்மோடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பியவர் வீட்டு வாசலிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

அவர் தலையெடுப்பதற்கு முன்பு நாம் எப்படி இருந்தோம்? சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டுதானே துளை போடும் மெஷினில் நின்றோம்! காலர் கிழிந்ததும் பட்டன் போனதும் நமக்கு. கல்யாணம் ஆகாத பாப்பாயிக்கு அந்தச் சட்டைகூட இல்லை. ஒருநாள் அவள் முந்தானையை மெஷின் சுற்றி இழுத்தது. அமலராணி பாய்ந்து போய் சுவிட்சை அணைத்திராவிட்டால், பாப்பாயி இன்று இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாளா?

மறுநாளே அவர் பாலக்கரைக்குப் போனார். பாய் கடையில் ஆண்கள் யாரும் சீந்தாத ஒரு சட்டை மூட்டை கிடந்தது. துணி முழுக்க செம்பருத்தி, தென்னைமரம், பச்சைக்கிளி!

"இது ஹவாய் சட்டைம்மா. ஃபாரின்ல பெரிய பெரிய ஆளுங்க போடுறது" என்றாராம் பாய்.

"ஹவாய் செருப்பு தெரியும் பாய், சட்டையுமா? எல்லாத்தையும் கட்டுங்க" என்றாராம் இவர்.

மேனேஜர் சிரித்தார். டீக்கடையில் சிரித்தார்கள். அமலராணி அசைந்தாரா? "சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். இது நமக்குன்னே வாங்குனது, போடுங்கடி" என்றார். அன்றிலிருந்து, நம் பட்டறையில் சேருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே ஒரு புதுப் பூச்சட்டை என்பது வழக்கமாகிவிட்டது.

ஆனால் தோழர்களே, நெஞ்சை அறுக்கிற ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆயுத பூஜையோ, மகளிர் தினமோ, சங்கத்துப் போட்டோக்காரர் பிலோமின்ராஜ் வந்தால் போதும், நாம் சட்டையைக் கழற்றிவிடுவோம். படத்தில் சேலை தெரிய வேண்டுமாம்! "நீங்களும் கழட்டிட்டு வாங்கக்கா" என்போம்.

"கழட்டிட்டுத்தான் நிக்கணும்னா நான் வரல. நீங்க எடுத்துக்கங்க. சட்டைய எல்லாம் இப்படிக் குடுங்க, நான் வச்சிருக்கேன்" என்பார். அத்தனை சட்டைகளையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓரமாக நிற்பார். நாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம்.

கல்லறையில் பதிப்பதற்கு, "அம்மா அந்தச் சட்டையில இருக்குற படம் ஒண்ணு குடுங்க ஆன்ட்டி" என்று ஜாஸ்லின் கேட்டாள். எல்லோருடைய செல்போனிலும் தேடினோம். ஒன்றுகூட இல்லை! இதோ, மாலை போட்டு வைத்திருக்கிறோமே, இது ரேஷன் கார்டுக்கு எடுத்தது. இதிலா இருக்கிறார் நம் அமலராணி? வெட்கப்பட்டது நாம், படத்துக்கு வெளியே நின்றது அவர். ஒரே ஒரு தடவை நாம் கழற்றாமல் நின்றிருந்தால் அவர் ஓடி வந்து நடுவில் நின்றிருப்பாரே! இனி எங்கே போய்க் கூப்பிடுவது?

தோழர் அமலராணி தொடங்கிய வழக்கத்தை நாம் விட மாட்டோம். பட்டறைக்கு வெளியிலும் விட மாட்டோம். இங்கேயே பாருங்கள், துக்கக் கூட்டம் என்று சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டுதானே வந்திருக்கிறோம்? வெளியே எடுங்கள். பாப்பாயி, முதல்ல நீ போடு. இதோ, நானும் போடுகிறேன்.

பிலோமின்ராஜ் தம்பி, கேமராவை எடுங்க. கழற்றிய சட்டைகளை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்க இனி எங்களுக்கு ஆள் இல்லை.