அஞ்சிய விரல் குற்றவாளியா?

நிமிர்ந்த நெஞ்சோடு இந்தக் கண்டனக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் படகுச் சங்கத் தலைவர் ராஜையன் அவர்களே! அலையோடு மல்லாடிக் காய்த்த கைகளை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கரையில் காத்திருந்தே கண் சிவந்த தாய்மார்களே! பின்னால் பைக்கில் சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே! புதுக்கடை பிரீனா, மென்பொருள் பொறியாளர், உங்களைக் கோபத்தோடு வணங்குகிறேன்.

ஆம், கோபத்தோடுதான்!

இதோ முன்வரிசையில் இருக்கிறாரே ஸ்மைலின் என்ற நம் அண்ணன், அவரும் அவர் மச்சினன் அனிஷும் போன ஆனி மாதம் மீனுக்குப் போனார்கள். காற்று சுழன்றது, வள்ளம் கவிழ்ந்தது. வள்ளத்தின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டு, இடுப்பில் கட்டியிருந்த அபாயக் கருவியின் சிவப்புப் பட்டனை அமுக்கினார் அண்ணன். விளக்கு எரிந்தது. கரைக்குச் செய்தி போனது. மீட்புப் படகு புறப்பட்டது!

அடுத்த அலை அடித்தது. "மச்சான், இன்னொருக்கா அமுக்கு!" என்று அலறினான் அனிஷ். அமுக்கினார். விளக்கு அணைந்தது. கரையில் திரையில் என்ன வந்தது தெரியுமா? 'ஆபத்து நீங்கியது!' வந்த படகு பாதிவழியில் திரும்பியது. மறுநாள் வேறொரு வள்ளம் அண்ணனைத் தூக்கியது. அனிஷைக் கடல் திருப்பித் தரவில்லை.

துக்க வீட்டுக்கு வந்த கம்பெனிக்காரர் என்ன சொன்னார்? "பயன்படுத்தியவர் பிழை." பயன்படுத்தியவர் பிழையாம்! அனிஷின் மனைவி ஜினிஷா கேட்டாள்: "பேடிச்சுப் பயந்தவன் ஒருக்காதான் அமுக்குவானா சாரே? உங்க பிள்ள கடல்ல கிடந்தா எத்தன தடவ அமுக்கும்?" காரில் ஏறினார், போய்விட்டார்.

அன்றிலிருந்து ஸ்மைலின் அண்ணன் கடலுக்குப் போகவில்லை. தன் விரல்தான் கொன்றது என்று நம்பினார். ஜினிஷா முகத்தைப் பார்க்கவே அஞ்சினார்.

சங்கம் கம்பெனியோடு சண்டை போட்டு அந்தக் கருவியின் மென்பொருளை வாங்கி என்னிடம் தந்தது. மென்பொருள் தவறாது என்பதைக் கணிதத்தால் நிறுவுவது என் தொழில். யாரது அங்கே, "கணக்கெல்லாம் நமக்கு விளங்குமா மோளே" என்பது? விளங்கும் மாமா, கேளுங்கள்! உதவி கேட்டவன் குரல், கரையில் ஒருவர் விசாரித்துத் தெளியும்வரை அடங்கக் கூடாது. இதுதான் விதி. இதைக் கணித மொழியில் எழுதினேன். அமுக்கினால், மறுபடி அமுக்கினால், நனைந்தால், சிக்னல் அறுந்தால், அந்த மென்பொருள் போகக்கூடிய அத்தனை வழியிலும் விதி நிற்கிறதா என்று தேடச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் கணினி காட்டிவிட்டது: அமுக்கு, மறுபடி அமுக்கு, விதி உடைந்தது!

நானும் தலைவரும் இதைக் கொண்டுபோய்க் காட்டியபோது கம்பெனி மேலதிகாரி சொன்னார்: "ஆயிரம் தடவை சோதித்தோம்." ஐயா, ஆயிரம் தடவையும் ஏசி அறையில், அவசரமில்லாத விரலால் சோதித்தீர்கள்! "இந்தக் கணக்கெல்லாம் விமானத்துக்குப் போடுவது மேடம், வள்ளத்துக்கா?" என்றார். கேட்டீர்களா? வானத்தில் பறப்பவன் உயிருக்கு நிறுவல். கடலில் மிதப்பவன் உயிருக்கு உத்தேசமா?

நம் தலைவர் எழுந்தார். "அப்ப உங்க மெஷினு ஒரு வள்ளத்திலயும் ஏறாது!" என்றார். கடற்கரை முழுக்கக் கருவிகள் கழன்றன. கம்பெனி வாசலில் குவிந்தன. நேற்றுதான் பணிந்தார்கள். பிழை கருவியின் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். இனிக் கணித நிறுவல் இல்லாமல் விற்க மாட்டார்களாம்.

கைதட்டாதீர்கள்! ஓர் உயிர் போன பிறகு கிடைத்ததை வெற்றி என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது. இன்று காலை ஜினிஷா, ஸ்மைலின் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒண்ணும் செய்யல அண்ணே" என்றாள். அந்த மனிதர் குழந்தையைப் போல அழுதார். அந்த அழுகைக்கு எந்தக் கம்பெனி பதில் சொல்லும்?

கணக்கு கடலை அடக்காது, அறிவேன். ஆனால் நாம் எழுதிய விதியை நாம் செய்த கருவி மீறாது என்று உறுதி சொல்ல முடியும். முடிந்தும் செய்யாதது சோம்பல் அல்ல, குற்றம்! மருத்துவமனையிலோ, ரயில்வே கேட்டிலோ, உங்கள் உயிரை ஒரு கருவியிடம் ஒப்படைக்கச் சொன்னால், 'சோதித்தாயா' என்று கேட்டு நிறுத்தாதீர்கள். 'நிறுவினாயா' என்று கேளுங்கள்! உரக்கக் கேளுங்கள்! பதில் வரும்வரை நகராதீர்கள்!

வலை காயவைக்கும் மணலை எங்களுக்காக ஒழித்துத் தந்தவர்களுக்கும், வெயிலில் அசையாது கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.