பச்சை பட்டன்

– கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க, குளிர் அடிக்குது. வந்தீங்கல்ல, அந்தக் குப்பைக்கூடை பக்கத்துல சும்மா நில்லுங்க. எதையும் தொடாதீங்க.

– அட, ஏடிஎம் ரூம்ல என்னத்தம்மா தொடப் போறேன்? நாள் பூரா லிஃப்ட்டைக் கழட்டி மாட்டுறவன்கிட்ட வந்து பட்டனைத் தொடாதேங்கிற.

– அதனாலதான் சொல்றேன். உங்க கை சும்மா இருக்காது.

– சரி தாயே, கையைப் பாக்கெட்டுல போட்டுட்டேன். ஆமா, இது என்ன கார்டு? நம்ம கார்டு நீலமாச்சே. இது ஓரமெல்லாம் தேய்ஞ்சு கிடக்கு.

– எங்க ஊர் பேங்க் கார்டு. இந்த நாட்டுக்குப் படிக்க வந்தப்போ அப்பா என் பேரையும் தன் பேரையும் சேர்த்துக் கணக்கு திறந்து குடுத்தாரு.

– உங்கப்பா காசையா எடுக்கிற? கல்யாணத்துக்கே வராத மனுஷன் காசு நமக்கு எதுக்கும்மா? நான் சம்பாதிக்கிறது பத்தலியா?

– ஐயோ, கத்தாதீங்க. அவர் காசுல சல்லிக்காசு தொட்டதில்ல. என் சம்பளத்துல இருந்து மாசாமாசம் நானே அதுல போடுறேன். அதைத்தான் சனிக்கிழமை ஆனா கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிறேன்.

– இரு, இரு. இங்க இருந்து அங்க அனுப்புற. அங்க போனதைத் திரும்ப இங்க எடுக்கிற?

– ஆமா.

– அனுப்ப ஒரு கட்டணம், எடுக்க ஒரு கட்டணம். அதுவும் வாராவாரம்.

– ஆமா.

– பஸ் காசை மிச்சம் பிடிக்க ரெண்டு ஸ்டாப் நடந்தே வர்ற பொம்பளையா இது? அட, உனக்கு என்னம்மா ஆச்சு?

– சிரிக்காதீங்க. நான் பணம் எடுத்தா அப்பா போனுக்கு மெசேஜ் போகும். கணக்குல அவர் நம்பர்தான் இருக்கு.

– போகட்டும். அதனால?

– அதனாலதான். என்னைக்கு எடுத்தேன், எந்த மெஷின்ல எடுத்தேன்னு எல்லாம் அதுல வரும். பொண்ணு நல்லா இருக்கா, நடமாடிட்டு இருக்கான்னு அவருக்குத் தெரியும்ல? போன் பண்ணாத்தான் எடுக்க மாட்டேங்கிறாரே. அடிச்சு அடிச்சு அதுவா நிக்கும். கட் பண்ணவும் மாட்டாரு, எடுக்கவும் மாட்டாரு.

– மெசேஜை மட்டும் பார்ப்பாருன்னு என்ன நிச்சயம்?

– ஒரு நிச்சயமும் இல்ல. ஆனா கார்டை முடக்கலியே! பேங்குக்கு ஒரு போன் போட்டா முடக்கிடலாம். 'இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல'ன்னு சொன்ன மனுஷன், இதை மட்டும் விட்டு வச்சிருக்காரு. நானும் அதைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கேன்.

– எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.

– சொன்னா, 'எல்லாம் என்னாலதானே'ன்னு நினைச்சுப்பீங்க.

– என்னாலதானே.

– பார்த்தீங்களா? அதான் சொல்லல.

– சரி விடு. இத்தனை வாரம் தனியா வந்துட்டுப் போனவ, இன்னைக்கு மட்டும் ஏன் என்னைக் கூட்டிட்டு வந்த? காலைல இருந்து முகமும் சரியில்ல.

– கார்டுல தேதியைப் பாருங்க.

– எழுத்தே அழிஞ்சு கிடக்கு... அட, இந்த மாசத்தோட முடியுதா? இன்னைக்கு மாசக் கடைசியாச்சே.

– ஆமா. இதான் கடைசி. புது கார்டு அவர் வீட்டுக்குத்தான் போகும். நாம குடி வந்த வீட்டு விலாசம் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அனுப்பணுமே? நாளைல இருந்து நான் இருக்கேனா இல்லையான்னே அவருக்குத் தெரியாதுங்க. அம்மா போனப்புறம் அந்த வீட்டுல அவர் ஒத்தை ஆளு. தனியா வந்து எடுக்க எனக்குத் தெம்பு இல்ல, அதான் உங்களைக் கூப்பிட்டேன்.

– அழாதேம்மா. கண்ணாடிக் கதவு, ரோட்டுல போறவங்க எல்லாம் பார்க்கிறாங்க.

– பார்க்கட்டும்.

– சரி, பார்க்கட்டும். ஒண்ணு பண்ணு. இன்னைக்குப் பெரிய தொகையா எடு. மனுஷன் திடுக்குன்னு எழுந்து உட்காரட்டும்.

– வேண்டவே வேண்டாம். என்னமோ கஷ்டத்துல இருக்கேன்னு நினைச்சுடுவாரு. எப்பவும் எடுக்கிறதையே எடுக்கிறேன்.

– உங்கப்பா என்னை என்னன்னு சொல்வாரு?

– இப்ப எதுக்கு அது?

– சும்மா சொல்லேன். நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்.

– பேர் சொல்ல மாட்டாரு. 'அந்த லிஃப்ட்காரன்'னுதான்.

– ஹும். தப்பா ஒண்ணும் சொல்லலியே. செய்யற வேலையைத்தானே சொல்றாரு.

– உங்களுக்குக் கோபமே வராதா? இருங்க, நம்பர் போட்டாச்சு. இப்ப ஒண்ணு கேக்கும் பாருங்க, அதுலதான் எல்லாரும் ஏமாறுவாங்க.

– எங்க? 'நீங்கள் எடுக்கும் தொகை உங்கள் ஊர்ப் பணத்தில் இவ்வளவு. இந்த ரேட்டுக்குச் சம்மதமா?' அட, நல்லதுதானே. கணக்கு போட்டே காட்டுதே.

– நல்லதாம்! அது மெஷின்காரன் போட்ட ரேட்டு. நமக்குத் தெரியாம நல்லா உருவிடுவான். வேண்டாம்னுட்டா நம்ம பேங்கே மாத்திக்கும், அதுதான் நியாயமான ரேட்டு. அப்பா ஏர்போர்ட்ல பணம் மாத்துற கவுன்ட்டர்ல காலம் பூரா உட்கார்ந்தவரு, அவருக்குத் தெரியாத தில்லுமுல்லா? நான் கிளம்புற அன்னைக்கு எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கோ, வேளைக்குச் சாப்பிடுன்னாங்க. அவர் இதை ஒண்ணைத்தான் சொன்னாரு.

– எதை?

– 'பாப்பா, உன் ஊர்ப் பணத்துல சொல்லட்டுமான்னு மெஷின் ரொம்பப் பாசமா கேக்கும். மயங்கிடாத. எந்த ஊர்ல நிக்கிறியோ அந்த ஊர்க் கணக்குலயே வாங்கு. வேண்டாம்னு அழுத்தினாலும் பணம் வரும், பயப்படாத'ன்னாரு. ஏர்போர்ட்ல நான் உள்ள போனப்புறமும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு 'வேண்டாம்னு அழுத்து, வேண்டாம்னு அழுத்து'ன்னு ஒரே கத்தல். எனக்கு மானம் போச்சு. அவர்கிட்ட போய்ட்டு வரேன்னு ஒழுங்கா சொல்லக்கூட இல்ல... ஐயோ, மூக்குக்கண்ணாடி எல்லாம் நனைஞ்சு போச்சு. இருங்க, துடைச்சுக்கிறேன்.

– துடை, துடை. ஆனா மெஷின் என்னமோ மினுக்குதே. 'நேரம் முடியப் போகிறது'ங்குது. கார்டை முழுங்கிடப் போகுது!

– ஒண்ணும் முழுங்காது, இருங்க.

– அதெல்லாம் இருக்க முடியாது. கதவுகிட்ட ஒரு அம்மா வேற நிக்குது. இந்தா, அமுக்கிட்டேன். பணம் வருது பாரு.

– எதை அமுக்கினீங்க?

– பச்சையை.

– பச்சைதாங்க சம்மதம்! வேண்டாம்ங்கிறது கீழ சிவப்புல இருக்கும்!

– அய்யய்யோ. சிவப்புல கையை வைக்க வரலம்மா. லிஃப்ட்ல சிவப்பைத் தொட்டா பாதி மாடியில ஆள் தொங்கிடும். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் சிவப்பைத் தொடாத, பச்சையைத் தொடுன்னு பழகின கை, தானா போயிடுச்சு. நஷ்டம் எவ்வளவோ அதை நான் குடுத்துடறேன்.

– நஷ்டம் கிடக்குது! கடைசி மெசேஜ்ங்க! எப்பவும் இந்த ஊர்ப் பணத்துல போகும். இன்னைக்கு நம்ம ஊர்ப் பணத்துல, கொள்ளை ரேட்டுல போயிருக்கும். பார்த்த உடனே அவருக்குத் தெரிஞ்சிடும். நான் சொன்ன ஒரே ஒரு விஷயத்தையும் மறந்துட்டாளேன்னு நினைப்பாரு. என்னையும் மறந்துட்டான்னு நினைப்பாரு.

– நாலு வார்த்தை திட்டிடும்மா. மனசு ஆறும்.

– உங்களைத் திட்டி என்ன ஆகப் போகுது? பணத்தை எடுங்க. வாங்க, அந்த அம்மா நிக்குறாங்க.

– வரேன். உன் பைக்குள்ள போன் அடிக்குது.

– நான் வேலை செய்யற கடையில இருந்து கூப்பிடுவாங்க. விடுங்க.

– விடாம அடிக்குதும்மா. குடு, நான் பேசறேன்... ஏம்மா.

– என்ன?

– 'அப்பா'ன்னு வருது.

– விளையாடாதீங்க.

– சத்தியமா. இந்தா, நீயே பாரு.

– நீங்க ஸ்பீக்கர்ல போடுங்க. மூச்சு விடாதீங்க, நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு தெரிய வேண்டாம்... அப்பா?

– யாரு அழுத்தினது?

– அப்பா...

– கேட்டியா, யாரு அழுத்தினதுன்னு கேக்கிறேன். நீ அழுத்த மாட்ட, அது எனக்குத் தெரியும். கார்டு திருடு போச்சா? யாராவது மிரட்டி எடுக்க வச்சாங்களா? உனக்கு ஒண்ணும் ஆகலியே? வாயைத் திறந்து சொல்லேன்!

– ஒண்ணும் ஆகலப்பா. நல்லா இருக்கேன். நல்லா இருக்கேம்பா.

– நிஜமா? போன சனிக்கிழமை மெசேஜே வரல. அன்னைல இருந்து போனைக் கீழ வைக்கல நான். குளிக்கப் போனாலும் ஜன்னல்ல வச்சுட்டுத்தான் குளிச்சேன்.

– காய்ச்சல்பா. எழுந்திரிக்க முடியல.

– காய்ச்சலா! ஒரு ஆளை அனுப்பியாவது எடுத்திருக்கக் கூடாதா?

– ரகசிய நம்பரை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க.

– அதுவும் சரிதான்... அழுறியா?

– இல்லப்பா. நீங்க?

– எனக்கென்ன அழுகை? ரேட்டைப் பார்த்து வயிறு எரியுது. கேட்டியா, புது கார்டு வந்து கிடக்கு. கவர்ல போட்டு ஒட்டியும் வச்சுட்டேன். விலாசம்தான் எழுதல. யார்கிட்டன்னு போய்க் கேக்கிறது?

– என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா.

– அதான் இப்ப கேக்கிறேன்ல. அது இருக்கட்டும். பட்டனை அழுத்தினது யாருன்னு நீ இன்னும் சொல்லல.

– அவர்தாம்பா. எனக்குக் கண்ணு தெரியலன்னு உதவி பண்ண வந்தாரு. திட்டிடாதீங்கப்பா, பாவம்.

– ஓ.

– அப்பா? அப்பா, இருக்கீங்களா?

– இருக்கேன், இருக்கேன். உனக்கு ஏர்போர்ட்ல நிக்க வச்சுச் சொன்ன மாதிரி அவருக்கும் சொல்லியிருக்கணும், விட்டுட்டேன். போனை மாப்பிள்ளைகிட்ட குடு.