இரண்டு மாதம் ஊறிய திராட்சை

உலர்திராட்சையை ரம்மில் ஊற வைத்தால் இரண்டு மாதம் என்ன, இரண்டு வருடம் ஆனாலும் கெடாது, ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் என் சமையலறைக்கு வந்து, அலமாரியில் இருந்த கண்ணாடி ஜாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எவ்ளோ நாளா வெளிய இருக்கு?" என்று கேட்டார்கள். "அக்டோபர்லேர்ந்து" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவராவது வாழ்க்கையில் ஒரு கேக் சுட்டிருந்தால் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பத்தொன்பது வருடம் சமையல் மேற்பார்வை பார்த்தவள். நாளைக்கு அறுநூறு தட்டு. என் காலத்தில் ஒருவருக்கும் வயிறு கோளாறானது கிடையாது. வேலைக்குச் சேர்ந்த வருடமே எங்கள் தெருக்கோடி முதியோர் இல்லத்துக்குக் கிறிஸ்துமஸ் கேக் சுட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். வேலையிலிருந்து நின்ற பிறகும் அதை நிறுத்தவில்லை. இருபத்தாறு வருடம். பழம் நறுக்குவது, ஊற வைப்பது, சர்க்கரையைக் கருக்குவது, மூன்று நாள் அடுப்போடு அடுப்பாக நிற்பது எல்லாம் நான் ஒருத்திதான். யாரையும் ஒரு கரண்டி எடுத்துக் கொடு என்று கேட்டதில்லை.

பிறகு சின்னவள் வந்தாள். என் கொழுந்தனின் மனைவி, மாடி வீடு. மருந்துக்கடையில் வேலை. என்னை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் பற்றி ஒரு குறை சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது.

போன கிறிஸ்துமஸுக்கு அவளும் ஏதாவது செய்து தருகிறேன் என்றாள். செய்யேன், யார் வேண்டாம் என்றது என்றேன். கஸ்டர்ட் புட்டிங் செய்தாள். பஞ்சு மாதிரி கேக்கை அடியில் பரப்பி, மேலே முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்டை ஊற்றி, அதன் மேல் க்ரீம் பூசினாள். மெல்லவே வேண்டாம், வாயில் வைத்தால் இறங்கிவிடும். அங்கே பாதிப் பேருக்குப் பல் கிடையாது. தட்டை வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். ஒரு பாட்டியம்மா அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். இருபத்தாறு வருடத்தில் என் கையை யாரும் பிடித்ததில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஜனவரியில் என் கேக் டின்களைத் திரும்ப வாங்கப் போனேன். பின்கட்டில் இல்லத்துத் தோட்டக்காரர் என் கேக்கை உதிர்த்துப் பறவைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "உங்க கேக்குன்னா குருவிங்களுக்கு உசுருங்க. வருஷா வருஷம் போடுறேன்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வருஷா வருஷம் என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வீடு வரைக்கும் நடந்து வந்தேன். டின்களைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன். எனக்குக் கோபம் லேசில் வராது. வந்தால் போகாது. அந்தக் கோபம் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் என்னோடு சேர்ந்து சாப்பிட்டது, தூங்கியது, எழுந்தது.

இந்த நவம்பரில் இல்லத்து மேலாளர் அம்மா போன் செய்தார். "இந்த வருஷம் புட்டிங்கே எல்லாருக்கும் போதும்மா. கேக் கொஞ்சமா குடுங்க, வேலை செய்றவங்களுக்கு ஆகும். பெரியவங்க தொண்டையில சிக்குதுன்னு பயமா இருக்கு" என்றார். சரி என்றேன். சின்னவளும் அன்று மாலையே படியிறங்கி வந்தாள். "அக்கா, நான் எதுவும் சொல்லலக்கா. மனசுல வச்சுக்காதீங்க. வேணும்னா இந்த வருஷம் நான் செய்யாம விட்டுடுறேன்" என்றாள். எனக்குப் பிச்சை போட வந்திருந்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ செய்" என்றேன். அவளுடைய ஃப்ரிட்ஜ் சின்னது. "ட்ரே எல்லாம் என் ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கோ" என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது என் மனதில் எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

இருபத்திரண்டாம் தேதி மாலை நான்கு ட்ரேக்களைக் கொண்டுவந்து வைத்தாள். மருந்துக்கடைக்காரி இல்லையா, ஃப்ரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானியை வைத்து, கதவில் ஒரு சீட்டை ஒட்டினாள். தேதி, நேரம், நான்கு டிகிரி. கீழே கையெழுத்து. என் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் அவள் கையெழுத்து. அறுநூறு தட்டு பார்த்தவளுக்கு நான்கு டிகிரி சொல்லிக் கொடுக்கிறாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் வேலைக்குப் போனாள். நான் ட்ரேக்களை எடுத்து அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் வைத்தேன். அன்றைக்கு எனக்கு ஓவனில் சுட ஆறு கேக் இருந்தது. சமையலறை நல்ல சூடு. என் கணவர் தண்ணீர் குடிக்க வந்தவர், "இதை ஏன் வெளிய வச்சிருக்க?" என்று கேட்டார். "ஃப்ரிட்ஜைத் தொடைக்கிறேன்" என்றேன். துடைத்தேன். சோடா மாவு போட்டு, தட்டுத் தட்டாகக் கழற்றித் துடைத்தேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை.

எங்கள் கேன்டீன் சுவரில் ஒரு பலகை இருந்தது. பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கொட்டிவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பத்தொன்பது வருடம் அதன் கீழேதான் நின்றேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுப்பேன். கெட்டது மூக்குக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, இளசுகள் தப்பித்துவிடுவார்கள், வயதானவர்கள் தாங்க மாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ட்ரேக்களை ஆறு மணி நேரம் வைத்தேன். இரண்டு மணிக்கு என் கடைசிக் கேக்கை இறக்கிவிட்டு அவற்றை உள்ளே வைத்தேன்.

மாலை அவள் வந்து பார்த்தாள். வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது. சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருபத்திநாலாம் தேதி காலை மேலே க்ரீம் பூசி, செர்ரிப் பழம் வைத்தாள். "நல்லா வந்திருக்காக்கா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் வந்திருந்தது.

நான் நினைத்தது இவ்வளவுதான். நாலு பேருக்கு வயிற்றால் போகும். அடுத்த வருடம் புட்டிங் என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். நாற்பத்தோரு பேரில் இருபத்தேழு பேர் படுப்பார்கள் என்றோ, மூன்று பேர் திரும்ப எழ மாட்டார்கள் என்றோ நான் கணக்குப் போடவில்லை. அதில் ஒருவர் தையல்காரர். அவரைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. அந்த இல்லத்தில் என் கேக்கைத் தேநீரில் தோய்த்து, "இன்னொரு துண்டு இருக்காம்மா?" என்று கேட்கிற ஒரே மனிதர் அவர்தான். அன்றைக்கும் கேட்டாராம். பரிமாறிய பெண், "கேக் வேணாம் தாத்தா, சிக்கிக்கும்" என்று சொல்லி இரண்டாவது கிண்ணம் புட்டிங்கைக் கொடுத்திருக்கிறாள். கேட்டதைக் கொடுத்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பார். அந்தப் பெண்ணை விசாரித்தீர்களா என்று தெரியவில்லை.

நான் பேசாமல் இருந்திருப்பேன். சின்னவள் மாட்டிக்கொள்வாள் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள்? புட்டிங் ஒரு துளி மிச்சமில்லை, கிண்ணமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அவளுடைய சீட்டைப் பார்த்தீர்கள். நான்கு டிகிரி, நான்கு டிகிரி, இரண்டு கையெழுத்து. அவள் பேரில் தவறில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். பேருக்கு ஆளுக்கொரு கட்டைவிரல் அளவு வைத்த என் கேக்தான் தட்டில் அப்படியே கிடந்தது. அதை அள்ளிக்கொண்டு போய்ச் சோதனைக்கு அனுப்பினீர்கள். முடிவு வர மூன்று வாரமாம். அதற்குள் பேப்பரில் வந்துவிட்டது, இரண்டு மாதம் பழைய பழத்தில் செய்த கேக் என்று. காய்கறிக் கடையில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள். அன்றிலிருந்து என் கணவர் வெளியில்தான் சாப்பிடுகிறார். அலுவலகத்தில் வேலை அதிகம் போலிருக்கிறது.

நேற்று இந்த ஸ்டேஷனில் இதே அறையில் உட்கார்ந்து சின்னவள் உங்களிடம் அழுதிருக்கிறாள். "அக்கா கேக்குல தப்பே இருக்காது சார். தப்பு நடந்திருந்தா என்னோடதுலதான் நடந்திருக்கும்" என்றாளாம். என் கேக்குக்கு அவள் சாட்சி. அதைக் கேட்ட பிறகுதான் நான் கிளம்பி வந்தேன். என் கேக்குக்குப் பேச எனக்கு வாய் இருக்கிறது. அவளுடைய நல்ல மனசுக்குக் கீழே நின்று நான் பிழைக்க வேண்டியதில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். புட்டிங் ட்ரேக்களை வெளியே வைத்தது நான். தெரிந்தே வைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று பேர் என்று போட வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கேக்கில் குற்றமில்லை என்ற வரி அதற்கு மேலே, முதலில் வர வேண்டும். பேப்பர்காரர்களுக்கும் அந்த வரியைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வீட்டில் மிச்சமிருந்த துண்டைக் கொண்டுவந்திருக்கிறேன். பிரித்து வைத்து எவ்வளவு நேரமாகிறது, நீங்கள் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வாய் எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. இத்தனை வருடத்தில் நான் சாப்பாட்டில் எதையும் கலந்தவள் இல்லை.