கடைசிப் பாட்டில் ஒரு விசும்பல்

மழை ஓய்ந்து கூதிர்க் குளிர் தொடங்கும் நாட்களில் உலகம் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். இலைநுனிகள் பெற்ற நீரைத் துளித்துளியாக மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும். வெயில் வந்தும் வராததுபோல் சுவரோரம் சற்று நின்றுவிட்டுப் போகும். பதிகம் பாடுவதற்கும் இசைத்தட்டுக் கேட்பதற்கும் இதைவிட ஏற்ற பருவம் இல்லை என்பது என் நெடுநாள் எண்ணம். இந்தப் பருவத்தில்தான் அதையும் செய்தேன், ஐயா.

வாரப் பத்திரிகையில் பல ஆண்டுகளாக இரண்டு பக்கங்கள் என்னுடையவையாக இருந்தன. இடப்பக்கத்தில் புதிதாக வெளியாகும் ராக், பாப் தொகுப்புகளின் மதிப்புரை. வலப்பக்கத்தில் காலத்தை வென்ற பழைய தொகுப்பு ஒன்றைப் பற்றிய மறுவாசிப்பு. பதிகத்தில் வளர்ந்தவனுக்கும் மின்கிட்டாருக்கும் என்ன ஒட்டு என்று கேட்டவர்கள் உண்டு. பழையது உரைகல், புதியது பொன். உரைகல்லை மட்டும் கும்பிட்டுக்கொண்டிருப்பவன் பொற்கொல்லன் ஆகமாட்டான் என்பதே என் விடை.

பிறகு என் செவி நலியத் தொடங்கியது. முரசும் பேஸ் கிட்டாரும் முன்போலவே நெஞ்சில் அறைந்தன. மேலே ஒலிப்பவைதாம் ஒவ்வொன்றாக விடைபெற்றன: சிம்பலின் சிதறல், குழலின் நுனி, பாடுபவர் மூச்சிழுக்கும் ஓசை. இதை ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர் என் தங்கையின் கணவர். ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர். பக்கத்து வீட்டில் எறும்பு தடுக்கி விழுந்தாலும் இவருக்குத் தூக்கம் கெட்டுவிடும் என்று தங்கை கேலி செய்வாள்.

அன்றுமுதல் ஒவ்வொரு தொகுப்பையும் இருவருமாகக் கேட்டோம். மாப்பிள்ளை என் மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு, என்னை விட்டகன்ற ஒலிகளைச் சொல்லாக்கித் தருவார். “சிம்பலை அடிக்கல மச்சான், தடவுறாங்க. மழை விட்ட பிறகு கம்பியில சொட்டு ஓடுற மாதிரி இருக்கு.” நான் அதைச் செப்பம் செய்து எழுதுவேன். என் செவியின் நுட்பத்தை வியந்து வாசகர்கள் கடிதம் எழுதத் தொடங்கியது அக்காலத்தில்தான். கல் அவர் கொண்டுவந்ததாக இருக்கலாம். சிலை என்னுடையது அல்லவா?

ஒருமுறை வலப்பக்கத்துக்காகப் பழைய ராக் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டோம். கடைசிப் பாட்டில் குரல் அடங்கியபின் அவர் என் மணிக்கட்டை அழுத்தினார். பின்னால் யாரோ விசும்புகிறார்கள், பாடியவர் அல்லர், வேறு யாரோ என்றார். அந்த விசும்பலைக் கருவறையாக வைத்துப் பக்கம் முழுவதையும் கோயிலாகக் கட்டினேன். நான் எழுதியவற்றில் தலைசிறந்தது அது.

பத்திரிகை வெளியானது. வாசகர்கள் தத்தம் கைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டார்கள். விசும்பல் இல்லை. ஏளனம் வெள்ளமாக வந்தது. அலுவலகத்தில் பக்கம் வடிவமைப்பவர், தம் வீட்டு ஒலிபெருக்கியில் அழுகையைக் காணோம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் விசாரித்தார். அது எனக்கும் கேட்டது.

ஆசிரியர் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். “உங்க மாப்பிள்ளை எல்லாத்தையும் சொல்லிட்டார். காது இப்படி இருக்குன்னு நீங்களே சொல்லியிருக்கலாமே. பெரியவரை நோகடிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டார். நீங்க ஓய்வு எடுங்க. பக்கத்தை அவரையே எழுதச் சொல்லியிருக்கேன்.”

எனக்குச் சினம் வரவில்லை. தங்கையைக் கொடுத்தேன், என் குறையையும் கொடுத்தேன். இரண்டையும் கைநீட்டி வாங்கிக்கொண்டவர், இல்லாத விசும்பலை எனக்கு ஊட்டிவிட்டு, என் இலையில் உட்கார்ந்துவிட்டார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பதற்கு வேறு உரை வேண்டுமா?

மறுநாள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சுழலும் இசைத்தட்டின்முன் குனிந்திருந்தார். பக்கத்தில் ஓரம் நைந்த உறை கிடந்தது. என் நிழல் பட்டதும் ஒரு காதை மட்டும் விலக்கினார்.

“மச்சானா, வாங்க. அன்னிக்கு நாம கேட்டது இந்த முதல் அச்சுதான். பிறகு வந்ததுல எல்லாம் அந்த விசும்பலைச் சுத்தம் பண்ணித் தூக்கிட்டாங்க. பக்கம் எனக்கு வேண்டாம்னு ஆசிரியர்கிட்ட சொல்லிட்டேன். இதைப் போட்டுக் காட்டினா அவர் வாயடைச்சுப் போவார். இதோ வரப்போகுது. அந்த வால்யூம் பிடியை ஒரு முடி அளவு ஏத்துங்க.”

ஹெட்போனை மறுபடி சரியாக மாட்டிக்கொண்டு, பேச வேண்டாம் என்று ஒரு விரலை உயர்த்தினார். அவர் முகம் மலர்ந்தது. எனக்குக் கேட்காத ஒன்று அப்போது அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் பிடியை எல்லைவரை திருப்பினேன். பிறகு தட்டின்மேல் இருந்த ஊசியை விரலால் குறுக்கே இழுத்தேன். இரண்டும் இருவேறு செயல்கள். நடுவே ஒரு மூச்சு இருந்தது. அவர் நாற்காலியோடு சாய்ந்தார். பிடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தபின் உதவிக்கு ஆளழைத்தேன். கருவி தானாக அலறியது என்று சொன்னதும் நானே.

மாப்பிள்ளையின் உள்காது நரம்பு பட்டுப்போயிற்று, இனிக் கேட்காது என்று மருத்துவர் கூறினார். கூடத்துக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர்மேல் பழி விழும் என்று நான் எண்ணவில்லை. அவர் பிள்ளைகுட்டிக்காரர். தட்டின் குறுக்கே ஓடும் கீறலைக் காட்டி நீங்கள் என்னை விசாரணைக்கு அழைத்தபோது மறைக்காமல் சொல்வதற்கு அவரே காரணம். ஒருவர் பழியை இன்னொருவர் சுமப்பது அறமன்று.

மாப்பிள்ளை என்னைக் காக்கத்தானே முயன்றார், அதைக் கேட்டபின்னுமா செய்தீர்கள் என்கிறீர்கள். நன்றாக எண்ணிப் பாருங்கள், ஐயா. அவர் மெய்ப்பிக்கப் போனது என் எழுத்தையா, தம் செவியையா?

மாப்பிள்ளை என்னை ஐயுறவில்லை. அண்ணன் இல்லையென்றால் இவர் உடைந்திருப்பார் என்று தங்கை எல்லோரிடமும் சொல்கிறாள். தொகுப்புகளை இப்போதும் இருவருமாகவே கேட்கிறோம். அவர் மணிக்கட்டில் நான் விரல் வைத்து முரசைத் தட்டிக் காட்டுகிறேன். எங்களுக்குள் இப்போது ஏற்றத்தாழ்வு இல்லை. முன்னெப்போதையும்விட நெருக்கமாக இருக்கிறோம் என்றே சொல்வேன்.

இன்று காலை இங்கே புறப்படுமுன் அவர் அறையில் விளக்கேற்றி, திரியைத் தூண்டி, தாழ்ந்த குரலில் ஒரு பதிகம் பாடினேன். அவர் தம் உள்ளங்கையை என் தொண்டையின்மேல் வைத்து, முடியும்வரை எடுக்கவில்லை. பிறகு தலை தாழ்த்தினார். அதன்மேல் என் கையை வைத்து, செவியருகே குனிந்து சொன்னேன்:

“நல்லனவே கேட்டு, நெடுங்காலம் வாழ்க.”