கடைசிப் பெயருக்கு விழுந்த புள்ளடிகள்

எனது பெயர் வேலுப்பிள்ளை சோதிலிங்கம். வயது எழுபத்து மூன்று. ஒஸ்லோ, பியோர்ண்டாலில் அடுக்குமாடி வீடொன்றில் மனைவி ஞானமலருடன் வசிக்கிறேன். என்மீது பொலிஸில் முறைப்பாடு செய்த தில்லைநாதன் எனக்கு நன்கு தெரிந்தவர்.

சென்ற தேர்தலுக்கு முன்னர் தில்லைநாதன் வந்து, வட்டாரச் சபைக்குப் போட்டியிடும் தனது கட்சியின் பட்டியலில் கடைசி இடத்துக்கு என் பெயரைக் கேட்டார். "பேர் மட்டும் போதும் அண்ணை. எங்கடை சனம் பாத்திட்டுக் கட்சிக்குப் போடும். நீங்கள் வெல்லமாட்டியள், பயப்பிடாதேங்கோ" என்றார். நான் சம்மதித்தேன்.

அதன் பின்னர், பாரிசவாதம் வந்த என் மனைவி போய்வரும் முதியோர் பகல் நிலையத்தை மூடுவதற்கு அதே கட்சி முடிவெடுத்திருப்பதை அறிந்தேன். வாக்குச் சீட்டில் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி இட்டால் அவர் மேலே ஏறுவார் என்பது சட்டம். இதைக் கோயிலிலும் கடையிலும் பேருந்திலும் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொன்னேன். வாக்குகள் எண்ணி முடிந்தபோது எனக்கு ஆசனம் கிடைத்தது. கட்சி விரும்பிய சட்டத்தரணிக்குக் கிடைக்கவில்லை.

அதன் பின்னர் ஒரு பின்னேரம் தில்லைநாதன் வந்து, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, என் மனைவி ஒரு கையால் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, சுகவீனம் என்று சொல்லிப் பதவியிலிருந்து விலகும்படி கேட்டார்.

"உங்கடை அரைகுறை நோர்வே பாஷையை வைச்சுக்கொண்டு அங்கை என்னத்தைக் கதைக்கப் போறியள்? சிரிப்பாங்கள்."

"மூடக்கூடாதெண்டு கையை உயர்த்த எந்தப் பாஷையடா வேணும்? எனக்கு ஒரு நோய் வருத்தமுமில்லை."

"அப்ப அக்காவைப் பாக்க ஆளில்லை எண்டு சொல்லுவம்."

மனைவி அருகில் இருந்தார். நான் தில்லைநாதனைச் சட்டைக் கழுத்தில் பிடித்து வெளியே தள்ளி, அவருடைய சப்பாத்துகளைப் பின்னால் எறிந்தேன். ஒன்று அவர் காதில் பட்டது. நான் குறி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டும் பட்டிருக்கும்.

அதன் பின்னர் அவர் தொலைபேசியில், "கதிரையை விடுங்கோ, நான் பொலிஸிலை குடுத்ததை விடுறன்" என்றார். விடமாட்டேன் என்றேன். வருந்துகிறீர்களா என்று வாக்குமூலம் எழுதும் பொலிஸ் அதிகாரி கேட்டார். இல்லை. தண்டம் விதித்தால் கட்டுவேன். வரும் செவ்வாய் மாலை பகல் நிலையம் பற்றிய வாக்கெடுப்பு இருப்பதால் அன்று என்னை விசாரணைக்கு அழைக்க வேண்டாம்; அழைத்தாலும் வரமாட்டேன்.

அதிகாரி எழுதியதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். "மெதுவாகத் தள்ளினேன்" என்றிருந்ததை வெட்டுவித்தேன். பலமாகத்தான் தள்ளினேன். மற்றவை யாவும் நான் சொன்னபடியே இருக்கின்றன, அவை உண்மை.

(ஒப்பம்) வே. சோதிலிங்கம்